குற்றாலமா, பாலருவியா, மணிமுத்தாறா, பாபநாசமா? முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

ஜூன் பிறந்ததும் சென்னையிலும் கோவையிலும் இருக்கிற சொந்தக்காரர்கள், கூட வேலை பார்த்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று வரிசையாகப் போன் வரும். "தண்ணி விழுதா?" என்பது முதல் கேள்வி. அடுத்தது, "குற்றாலம் ஒரே கூட்டமாமே, காட்டுக்குள்ள யாருமில்லாத அருவி நிறைய இருக்காமே, அங்க போயிரலாமா?" போன வாரம் பேசியவர் கேட்டதும் இதுதான். ஜூலை மூன்றாவது வாரம், மூன்று நாள், எட்டுப் பேர், அதில் ஒரு பாட்டி, இரண்டு சின்னப் பிள்ளைகள். எங்கே போகட்டும்?

நான் தென்காசிப் பக்கத்துக்காரன். இந்த மலையடிவாரத்தில் அம்பாசமுத்திரத்திலிருந்து ஆரியங்காவு வரைக்கும் இருக்கிற அருவிகளில் குளித்தே வளர்ந்தேன். எல்லாம் ஒரே மலைத்தொடர்தான், ஒன்றுக்கொன்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூரமில்லை. ஆனால் ஒன்றின் குணம் மற்றொன்றுக்கு வராது. அதனால்தான் "எது பெஸ்ட்" என்ற கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடிவதில்லை.

எதை வைத்து முடிவெடுப்பது

முதல் அளவுகோல் மாதம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மலை அந்த மழையைக் கேரளப் பக்கமே நிறுத்திவிடும், செங்கோட்டைக் கணவாய் வழியாக மட்டும் மேகம் நழுவி இந்தப் பக்கம் வரும். அதுதான் சாரல். குற்றாலம் அந்த மேகத்தை நம்பியது, கேரளப் பக்கம் இருக்கும் பாலருவிக்கு அந்த மழையே கிடைக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அது கிழக்கிலிருந்து வந்து மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து மலைகளில் முட்டிக் கொட்டும், மணிமுத்தாறு அந்த மழைக்காரன். இந்த ஒரு விஷயம் தெரியாமல் ஜூலையில் மணிமுத்தாறு போய் "என்னங்க, இவ்வளவுதானா" என்று திரும்பியவர்கள் நிறைய.

இரண்டாவது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது. மேலே அணை இருக்கிறதா, அல்லது மலையில் பெய்தது பெய்தபடி தலையில் விழுகிறதா? குற்றால மலையின் நீர்ப்பிடிப்பு சின்னது, சரிவு செங்குத்து. மேலே ஒரு மணி நேரம் கொட்டினால் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். பிள்ளைகளோடு வருபவர்கள் மற்ற எதையும்விட இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். யாரும் கேட்பதில்லை.

மூன்றாவது, கூட யார் வருகிறார்கள். படி ஏற முடியாதவர், ஈரப்பாறையில் கால் ஊன்ற முடியாதவர் ஒருவர் இருந்தாலும் கணக்கு மாறிவிடும்.

நான்காவது, எவ்வளவு தனிமை வேண்டும். ஐந்தாவது, கண்ணுக்குத் தெரியாத செலவு. டிக்கெட் எங்குமே பெரிய செலவில்லை. சீசன் சனிக்கிழமை அறை வாடகை, செக்போஸ்டில் நிற்கும் நேரம், போய்ச் சேர்ந்த பிறகு "இன்னைக்குக் குளிக்கத் தடை" என்ற பலகை, இவைதான் செலவு.

குற்றாலம்: பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி

தென்காசியிலிருந்து 5 கிலோமீட்டர்தான். பஸ், ஆட்டோ, சாப்பாடு, ஆஸ்பத்திரி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அருவியில் குளிக்க டிக்கெட் கிடையாது, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி இடம், பிடித்துக்கொள்ளக் கம்பி, காவலுக்குப் போலீஸ், இருட்டினால் விளக்கு. பேரருவியில் தண்ணீர் நேரே தலையில் விழுவதில்லை, நடுவழியில் பொங்குமாங்கடல் என்ற பெரிய பாறைக் குழியில் விழுந்து, அங்கே வேகம் அடங்கி, பொங்கி வழிந்துதான் கீழே வரும். அந்தக் குழி இல்லையென்றால் அதற்கடியில் மனிதன் நிற்க முடியாது. நின்று பாருங்கள், முதல் அரை நிமிடம் மூச்சு முட்டும், காதில் வேறு சத்தமே ஏறாது, அப்புறம் தோள்பட்டையில் யாரோ உருட்டுக்கட்டையால் இதமாகத் தட்டுவது மாதிரி இருக்கும், வெளியே வந்தால் உடம்பு காற்றில் மிதக்கும், பசி வயிற்றைக் கிள்ளும்.

தண்ணீர் அளவு பார்க்க ஓர் எளிய வழி உண்டு. பேரருவியில் பாதுகாப்பு வளைவு என்று ஒன்று கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அந்த ஆர்ச்சைத் தாண்டி வெளியே விழ ஆரம்பித்தால் சைரன் அடித்து எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். "ஆர்ச்சைத் தாண்டுதா?" என்று ஊரில் ஒருவரைப் போனில் கேட்டாலே அன்றைய நிலவரம் தெரிந்துவிடும்.

மறைமுகச் செலவு என்றால் கூட்டம்தான். ஜூலை சனி, ஞாயிறில் பார்க்கிங் தேடியே அரை நாள் போகும். சாதாரண நாளில் கேட்கும் வாடகையைப் போல் இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள். ஒரு வருடம் என் சித்தப்பா குடும்பம் முன்பணம் கட்டி வந்தும், ஒரு லாட்ஜில் "இன்னும் ரூம் காலியாகல" என்று ராத்திரி ஒன்பது வரை உட்கார வைத்தார்கள். அதனால் தென்காசியிலோ செங்கோட்டையிலோ தங்குங்கள், குளிக்க மட்டும் குற்றாலம் வாருங்கள்.

கூட்டத்துக்கு மருந்து நேரம்தான். செவ்வாய், புதன் கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு மேலோ விடியற்காலை ஐந்து மணிக்கோ பேரருவிக்குப் போங்கள். அதே குற்றாலம் வேறு ஊராக இருக்கும். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் தேய்த்து அருவிக்குள் போகக் கூடாது, தடை உண்டு. எண்ணெய் மசாஜ் ஆசை இருந்தால் தேய்த்துவிட்டு அறையில் கழுவிய பிறகு வாருங்கள். இந்தத் தண்ணீர் சிற்றாறாகப் போய் எத்தனையோ ஊர்களுக்குக் குளமும் வயலுமாகிறது.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. எனக்கு ஒன்பது வயது இருக்கும், ஐந்தருவியில் பெண்கள் பக்கம் ஆச்சி மடியைப் பிடித்துக்கொண்டு குளித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. திடீரென்று ஆச்சி என் கையைப் பிடித்து இழுத்து, "தண்ணில சருகு வருது, வெளிய வா" என்றாள். பார்த்தால் நாலைந்து காய்ந்த இலை, ஒரு சுள்ளி, அவ்வளவுதான். நான் அழுதேன். துண்டால் தலை துவட்டி முடிக்கவில்லை, தண்ணீர் தேநீர் நிறமாச்சு, அப்புறம் செம்மண் நிறமாச்சு, ஐந்து பிரிவும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே சுவராக இறங்கியது. சருகு, நிறம், சத்தம், இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் வெளியே வந்துவிட வேண்டும். யாரும் விசில் ஊதும்வரை காத்திருக்க வேண்டாம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் வந்த திடீர் வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோய்விட்டது. சீசன்கூட அப்போது ஆரம்பிக்கவில்லை, கோடை மழை.

குற்றாலம் யாருக்குச் சரி: முதல் தடவை வருபவர்கள், வயதானவர்கள், கையில் வண்டி இல்லாதவர்கள், வார நாளில் வர முடிந்தவர்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் புலியருவி போதும், தண்ணீர் இதமாக விழும்.

பாலருவி

காட்டருவி என்று மனதில் ஒரு படம் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். செங்கோட்டை, புளியரை தாண்டி மலையேறினால் ஆரியங்காவு, கேரளத்தின் கொல்லம் மாவட்டம். சாலையோரத்தில் வனத்துறை டிக்கெட் கவுண்டர். சொந்த வண்டியை அங்கேயே விட வேண்டும், அவர்கள் வேன் காட்டுக்குள் சுமார் 4 கிலோமீட்டர் கூட்டிப்போகும். அந்தப் பயணமே பாதிச் சுகம். இறங்கிக் கொஞ்சம் நடந்தால் சுமார் 300 அடி உயரத்திலிருந்து பாறையில் அடித்து அடித்துப் பாலாகவே இறங்கும். பக்கத்தில் திருவிதாங்கூர் ராஜாக்கள் வந்து தங்கிய காலத்துக் கல்மண்டபமும் குதிரை லாயமும் பாசி பிடித்து நிற்கின்றன.

கேரளப் பக்கம் என்பதால் சாரலல்ல, மழையே கிடைக்கும். குற்றாலத்தில் தண்ணீர் குறைந்துபோன வாரத்திலும் இங்கே நன்றாக விழுவதைப் பார்த்திருக்கிறேன். பிப்ரவரி, மார்ச்சில் நூலாகிவிடும், மூடியும் விடுவார்கள்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று நேரம்: புளியரை எஸ் வளைவில் கனிமம் ஏற்றிய லாரிகள் வரிசை கட்டினால் அரை மணி நேரப் பாதை ஒன்றரை மணி நேரமாகும், விடுமுறை நாளில் வேனுக்கும் வரிசை. இன்னொன்று, மாலையில் சீக்கிரமே டிக்கெட்டை நிறுத்திவிடுவார்கள். குற்றாலத்தில் குளித்துச் சாப்பிட்டு மூன்று மணிக்குக் கிளம்பினால் கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். காலையில் முதல் வேனைப் பிடியுங்கள், கேட் திறக்கும்போதே அங்கே இருங்கள்.

இங்கும் வெள்ளம் வரும், தடை போடுவார்கள். பாறை வழுக்கும், தாத்தா பாட்டிக்கு வேனிலிருந்து அருவி வரை நடப்பது முடியும், தண்ணீருக்குள் இறங்குவது கஷ்டம். ஆசைக்கு ஓரத்தில் உட்கார்ந்து காலை நனைக்கலாம். நேரம் மிச்சமிருந்தால் அதே சாலையில் இன்னும் கீழே இறங்கிக் கழுதுருட்டி பக்கம் பதிமூன்று கண் பாலத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், 1904-ல் வெள்ளைக்காரன் கட்டிய ரயில் பாலம், இன்றும் ரயில் போகிறது.

கும்பாவுருட்டி

பண்பொழி, மேக்கரை, அடவிநயினார் அணை வழியாக மலையேறி அச்சன்கோவில் போகிற காட்டுப் பாதையில் இருக்கிறது. பாலருவியைவிடக் கூட்டம் குறைவு, காடு இன்னும் நெருக்கம். அச்சன்கோவில் ஐயப்பனைக் கும்பிடப் போகிறவர்கள் வழியில் குளித்துவிட்டுப் போவார்கள். ஆனால் பாதை குறுகல், பல இடத்தில் போன் சிக்னல் கிடையாது, மழைநாளில் காலில் அட்டை ஏறும். 2022 ஜூலை கடைசியில் இங்கேயும் திடீர் வெள்ளம் வந்து மதுரையிலிருந்து போனவர் ஒருவர் இறந்தார். நீச்சலும் நிதானமும் உள்ள நாலு பேர், சொந்த வண்டி, திறந்திருக்கிறதா என்று விசாரித்த பிறகு போவது என்றால் சரி. பிள்ளைகளோடு என்றால் வேண்டாம் என்பேன்.

மணிமுத்தாறு

1988-ல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறை, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம், அதற்குள் இருக்கிறது இந்த அருவி. 1958-ல் கட்டி முடித்த மணிமுத்தாறு அணைக்கு மேலே. அணையருகே வனத்துறை செக்போஸ்டில் பணம் கட்டிவிட்டு உள்ளே போக வேண்டும், இருட்டுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். அதற்கும் மேலே மாஞ்சோலைக்குப் போகத் தனி அனுமதி தேவை. "அருவிக்கு வந்தோம், அப்படியே மாஞ்சோலையும் பார்த்துரலாம்" என்பது நடக்காது.

நவம்பர் முதல் ஜனவரி வரை இதற்கு ஈடு இல்லை. குற்றாலத்துப் பரபரப்பு, கடை, சத்தம் எதுவுமில்லை, தண்ணீர் இரைச்சலும் மந்திகளும்தான். குளிர்ந்த தண்ணீர் என்றால் அப்படி ஒரு குளிர். ஆனால் அருவி விழுகிற தடாகம் ஆழமானது. கம்பியைப் பிடித்துக் குளிப்பதோடு சரி, கம்பிக்கு அந்தப் பக்கம் நீச்சல் தெரிந்தவனும் போகக் கூடாது.

இதன் மறைமுகச் செலவு ஏமாற்றம்தான். ஊத்திலும் நாலுமுக்கிலும் கனமழை பெய்தால் அருவியை மூடிவிடுவார்கள், அந்த மழை பெய்யும் மாதங்களில்தான் நாமும் போகிறோம். தொடர்ந்து பெய்து ஓய்ந்து இரண்டு மூன்று நாள் கழித்துப் போவதுதான் கணக்கு. டிசம்பர் கடைசி, பொங்கல் விடுமுறை பொருத்தம்.

பாபநாசம், அகத்தியர் அருவி

வருடம் முழுக்கத் தண்ணீர். சித்திரை வெயிலிலும் விழும். மேலே காரையாறு அணை இருக்கிறது, தாமிரபரணி வற்றாத நதி, அதனால் இங்கே தண்ணீரின் ஏற்ற இறக்கம் மற்ற அருவிகள் அளவுக்குத் திடுக்கென்று இருப்பதில்லை. வெள்ளக் காலத்தில் இங்கும் தடை வரும், அதை மறுக்கவில்லை. ஆனால் "ஏப்ரலில்தான் லீவு, எந்த அருவியில் தண்ணீர் இருக்கும்" என்று கேட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதுதான்.

பாபநாசம் செக்போஸ்டில் கட்டணம் கட்டினால் வண்டி அருவிப் பக்கம் வரை போகும். அருவிக்கு மேலே படியேறினால் அகத்தியர் கோயில், கல்யாண தீர்த்தம். ஆடி அமாவாசை சமயம் மட்டும் இந்தப் பக்கமே வராதீர்கள், சொரிமுத்தையனார் கோயில் திருவிழாவுக்கு ஜனம் திரண்டு வரும், வண்டிக் கட்டுப்பாடும் இருக்கும். கோயிலுக்கென்றே வருவது வேறு விஷயம். குரங்குகள் இங்கே அதிகம், தின்பண்டப் பையைக் கையில் பிடித்தபடி காரிலிருந்து இறங்கினால் அது உங்களுடையது இல்லை.

ஒரு வேண்டுகோள். பாபநாசம் படித்துறையில் குளித்துவிட்டு உடுத்த துணியை ஆற்றில் விட்டால் பாவம் போகும் என்று யாரோ சொல்லிக்கொடுத்து, வண்டி வண்டியாகத் துணி அள்ளும் நிலைமை ஆகிவிட்டது. மீன்கள் அந்தத் துணிக்குள்தான் நீந்துகின்றன. இதே தண்ணீரைத்தான் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. ஈரத்துணியைப் பிழிந்து பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

செண்பகாதேவி, தேனருவி: ஏன் பட்டியலில் இல்லை

ஒதுக்குப்புறம் என்றால் உண்மையான ஒதுக்குப்புறம் இவைதான். பேரருவிக்கு மேலே காட்டுக்குள் செண்பகாதேவி, அதற்கும் மேலே பாறை முழுக்கத் தேன்கூடு தொங்கும் தேனருவி. பொதுமக்கள் குளிக்க அனுமதி இல்லை. செண்பகாதேவி அம்மன் கோயிலுக்குச் சித்ரா பௌர்ணமிக்குப் போவதோடு சரி. "நான் கூட்டிட்டுப் போறேன் சார், ஆளுக்கு இவ்வளவு" என்று அருவிக்கரையில் யாராவது அணுகினால் நகர்ந்துவிடுங்கள். மாட்டினால் அபராதம், வழுக்கினால் தூக்கி வர ஆளில்லை, தேனீ கிளம்பினால் ஓட இடமில்லை.

ஒரு பார்வையில்

| | நல்ல மாதம் | தண்ணீரின் குணம் | கூட்டம் | யாருக்கு |
|---|---|---|---|---|
| குற்றாலம் | ஜூன்–ஆகஸ்ட் | சட்டென்று ஏறும், ஆனால் காவல் உண்டு | மிக அதிகம் | எல்லோருக்கும், வார நாளில் |
| பாலருவி | ஜூன்–டிசம்பர் | சட்டென்று ஏறும் | நடுத்தரம் | காடு பார்க்க விரும்புவோர் |
| கும்பாவுருட்டி | ஜூன்–செப்டம்பர் | நம்ப முடியாது | குறைவு | பழகிய பெரியவர்கள் மட்டும் |
| மணிமுத்தாறு | நவம்பர்–ஜனவரி | கனமழையில் மூடும் | நடுத்தரம் | குளிர்காலப் பயணம் |
| அகத்தியர் அருவி | வருடம் முழுக்க | ஓரளவு நிதானம் | விசேஷ நாளில் அதிகம் | கோடை, வயதானவர்கள் |

அந்த எட்டுப் பேருக்கு நான் சொன்னது

ஜூலை என்பதால் மணிமுத்தாறை விடுங்கள். பாட்டியும் பிள்ளைகளும் இருப்பதால் கும்பாவுருட்டியையும் விடுங்கள். மிச்சம் மூன்று. சனிக்கிழமையில் தொடங்காமல் திங்கட்கிழமை ராத்திரி சென்னையில் பொதிகை ரயில் ஏறுங்கள், செவ்வாய்க்கிழமை காலை தென்காசி. அறை தென்காசியில். அன்று பிற்பகல் பிள்ளைகளுக்குப் புலியருவி, ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு பெரியவர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்து மாறி மாறிப் பேரருவி. புதன்கிழமை காலை ஏழு மணிக்குள் கிளம்பிப் பாலருவி. பாட்டிக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் மாற்றுப் புடவையும் எடுத்துக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் பிடிமானம் உள்ள ரப்பர் செருப்பு. திரும்பும்போது பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும். குளித்த பசிக்கு அதைவிட வேறென்ன வேண்டும். வியாழக்கிழமை காலை, தண்ணீர் அதிகமாகிக் குற்றாலத்தில் தடை போட்டிருந்தால் பாபநாசத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு வண்டியை அம்பாசமுத்திரம் பக்கம் திருப்புங்கள். தடை இல்லையென்றால் ஐந்தருவி. மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கிக்கொண்டு மாலையில் திரும்ப அதே பொதிகை.

"பாட்டி அருவியில நிக்கலாமா?" என்று கடைசியாகக் கேட்டார். ஓரத்தில், தண்ணீர் சிதறி விழும் இடத்தில், இரண்டு பெண்கள் இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டால் நிற்கலாம். எங்கள் ஆச்சி எழுபத்தெட்டு வயது வரை அப்படித்தான் குளித்தாள்.